இடம் மாறிய லேபிள்: 1950களின் ஒரு பாரிஸ் மாலை உடை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் சேகரிப்பாளர் பாரிஸில் வசிப்பவர். 1947 முதல் 1968 வரை அந்நகரில் தைக்கப்பட்ட ஓத் கூத்யூர் உடைகளை, அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவுக்கும் தனியாகத் தைத்த உயர்தர உடைகளை மட்டுமே வாங்குபவர். இந்த எல்லையை அவரே வகுத்துக்கொண்டார். 1947 பிப்ரவரி 12 அன்று வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் பாரிஸின் அவென்யூ மோந்தேன் வீதியில் தம் முதல் தொகுப்பைக் காட்டினார். 1968-ல் இன்னொரு பெரிய வடிவமைப்பாளரான கிறிஸ்தோபல் பலென்சியாகா தம் நிறுவனத்தை மூடினார். இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலமே அவருடைய ஆர்வம்.

பழைய உடைகளின் நிலையையும் மூலத்தையும் ஆராய்ந்து அறிக்கை தருவது என் வேலை. அந்த முறையில்தான் இந்த உடை என் மேசைக்கு வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பெயர்கள் வெளிவரக் கூடாது என்று உடன்பட்டிருப்பதால் சேகரிப்பாளர், விற்றவர், ஏல நிறுவனம், இரண்டு கூத்யூர் நிறுவனங்கள், எம்பிராய்டரிப் பட்டறை ஆகிய யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

கூத்யூர் உடையை ஒருவர் ஏன் சேர்க்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பின்னால் நடந்தவற்றுக்கு அதுதான் வேர். ‘ஓத் கூத்யூர்’ என்ற பெயருக்கு பிரான்சில் 1945 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். உடை வாடிக்கையாளரின் அளவுக்கே தைக்கப்படும். முழுமை பெறுமுன் பலமுறை அணிவித்துப் பார்த்துத் திருத்தப்படும். பட்டறையிலும் இரு பிரிவுகள் உண்டு. தளர்ந்து விழும் துணிகளைக் கையாள்வது ‘ஃப்லூ’. கோட், சூட் வகைகளைத் தைப்பது ‘தையோர்’. ஒரே வடிவத்தைப் பல வாடிக்கையாளர்கள் வாங்கியிருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தனி உடலுக்காக வெட்டப்பட்டது. அதனால் அதன் உட்புறத்தைப் பார்ப்பவருக்கு, அதை அணிந்தவரின் தோள் சரிவும் முதுகு வளைவும் தெரியும். வெளிப்புறத்துக்குக் கொடுத்த அதே அக்கறையோடு உட்புறமும் முடிக்கப்பட்டிருக்கும். இந்த ஈர்ப்பு எளிதில் விடுவதல்ல. அஸ்ஸெதின் அலாயா தாமே பெரிய வடிவமைப்பாளர். பலென்சியாகாவின் நிறுவனம் மூடப்பட்டபோது அங்கிருந்த உடைகள் கைக்கு வந்ததிலிருந்து, பிறர் தைத்தவற்றைத் தம் காலம் முடியும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். கைவேலையின் மதிப்பை அறிந்தவரையே அது அப்படிக் கட்டிப்போட்டது.

நம் சேகரிப்பாளருக்கும் அந்தக் கண் உண்டு. ஆனால் அவர் தொகுப்பில் ஒரு குறை நெடுநாளாக இருந்தது. குறிப்பிட்ட ஒரு பெரிய நிறுவனத்தின் 1950களின் நடுப்பகுதி மாலை உடை ஒன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஏலம்

பாரிஸ் ஏலம் ஒன்றின் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரோடு ஓர் உடை வந்தது. தந்த நிறப் பட்டு சாட்டின். தோள்பட்டி இல்லாத மேற்பகுதி. இடுப்பிலிருந்து விரியும் பாவாடை. மேற்பகுதி முழுவதும் பன்னச்செடி (பெரணி) இலைகள்போல எம்பிராய்டரி. ‘1955 வாக்கில், லேபிள் உண்டு, எண்ணிடப்பட்டது’ என்று குறிப்பு சொன்னது. தந்திருந்த படங்கள் எல்லாமே வெளிப்புறப் படங்கள். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் அவர் வெளிநாட்டில் இருந்தார். தொலைபேசியில் ஏலம் கேட்டு வாங்கினார்.

அவசரப்பட்டு வாங்கியதாக இதைச் சொல்ல மாட்டேன். லேபிளில் நிறுவனத்தின் பெயர், பருவம், எண் மூன்றும் இருந்தன. அந்தக் காலத்துப் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் லேபிள் அப்படித்தான் இருக்கும். விலையும் அந்தப் பெயருக்குரிய விலையாகத்தான் இருந்தது. ஐயப்படும்படி மலிவாக இல்லை.

முதல் பரிசோதனையில் கண்டவை

உடை அட்டைப் பெட்டியில், சாதாரண பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வந்தது. மடிப்புகளை ஆவியால் நீக்கித் தரச் சொல்லித்தான் சேகரிப்பாளர் அனுப்பியிருந்தார். எம்பிராய்டரி உள்ள பழைய உடைக்கு, ஜமிக்கி எதனால் ஆனது என்று தெரியாமல் ஆவி காட்டக் கூடாது. 1920களிலும் 30களிலும் ஜெலட்டின் ஜமிக்கிகள் பரவலாக இருந்தன. அவை நீர் பட்டால் கரையும். வெப்பம் பட்டால் சுருளும். பழைய இருப்பைப் பட்டறைகள் பிற்காலத்தில் பயன்படுத்தியிருக்கவும் கூடும். பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு ஜமிக்கியை எடுத்து ஒரு துளி நீரில் இட்டுப் பார்த்தேன். கரையவில்லை. செல்லுலோஸ் வகை என்று கொள்ளலாம். அதற்கும் வெப்பம் ஆகாது என்பதால் ஆவியைத் தள்ளிவைத்து, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

உட்புறம் கண்ணை நிறைத்தது. வலைத்துணியில் கட்டிய உள்கச்சு, கையால் தைத்த உறைகளுக்குள் வடிவத்தை விறைப்பாக நிறுத்தும் ‘எலும்பு’ப் பட்டிகள், தாராளமாக விட்டிருந்த தையலோரத் துணி, அதன் விளிம்பு முழுதும் நெருக்கமான கைத்தையல். முதுகில் உலோக ஜிப். அதுவும் கையால் பொடிக்குத்தாகப் பதித்தது. எம்பிராய்டரியைப் பின்புறமிருந்து பார்த்தால் சங்கிலித் தையல் ஓடுகிறது. லூனேவில் கொக்கியால், சட்டத்தில் இழுத்துக்கட்டிய துணியின் பின்பக்கத்திலிருந்து ஜமிக்கிகளைக் கோத்துக்கொண்டே போகும் வேலை அது. ஆரி ஊசி பழகியவர்களுக்குப் புரியும். இது முதல்தரக் கூத்யூர் வேலை என்பதில் அந்த நேரத்திலேயே எனக்கு ஐயம் இல்லை.

ஐயம் இடுப்பு நாடாவில் எழுந்தது. இப்படிப்பட்ட உடைகளில், உடையின் எடையைத் தாங்க, உள்ளே இடுப்பைச் சுற்றிக் கெட்டியான க்ரோ க்ரேன் நாடா ஒன்று இருக்கும். லேபிளையும் பெரும்பாலும் அதன்மேல்தான் தைப்பார்கள். இந்த உடையிலும் அங்கேதான் இருந்தது. லேபிளின் ஓரத்தில் ஒரு முனை சற்றுத் தூக்கியிருந்தது. அதன் அடியில் நாடா எப்படி இருக்கிறது என்று பெரிதாக்கும் கண்ணாடியால் பார்த்தேன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் காற்றும் வியர்வையும் பட்ட நாடா பழுப்பேறியிருந்தது, அது இயல்பு. ஆனால் லேபிளின் அடியிலும் அதே பழுப்பு இருந்தது. தொடக்கம் முதல் அங்கே லேபிள் இருந்திருந்தால், மூடப்பட்ட பகுதி வெளிறி இருந்திருக்க வேண்டும்.

லேபிளுக்கு வலப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, வெளிறிய செவ்வகம் ஒன்று இருந்தது. தற்போதைய லேபிளைவிட நீளமானது. அதன் நான்கு மூலைகளிலும் ஊசி போன தடங்கள். நாடாவின் நெசவில் நூல்கள் விலகி, பிறகு முழுமையாக மூடிக்கொள்ளாமல் நின்றிருந்தன.

புற ஊதா விளக்கின் கீழ், லேபிளைப் பிடித்திருந்த நூல் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிட்டது. ஒளிர்வூட்டி சேர்த்த பிற்கால நூல்கள் அப்படித்தான் தெரியும். உடையின் மற்றப் பட்டு நூல்கள் எல்லாம் மங்கலாகவே நின்றன. இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. கழன்ற லேபிளைச் சலவைக் கடையில் யாரோ திரும்பத் தைத்திருக்கலாம்; அது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் லேபிளின் ஓரத்தில் இருந்த பழைய ஊசித் தடங்கள், நாடாவில் இருந்த எந்தத் தடத்தோடும் பொருந்தவில்லை. வெளிறிய செவ்வகத்தின் அளவும் பொருந்தவில்லை. மூன்றும் சேர்ந்தபோதுதான் கேள்வி வலுத்தது.

நான்காவதாக, கச்சின் உள்மடிப்பில் சிறிய வெள்ளை நாடா ஒன்று கிடைத்தது. பட்டறைகளில் இதை போல்டுக் என்பார்கள். ஆர்டர் எண்ணோ, வாடிக்கையாளர் அல்லது மாடலின் பெயரோ மையால் எழுதித் தைத்து வைப்பது. மை பாதி மங்கியிருந்தது. படிக்க முடிந்த இலக்கங்கள் லேபிளில் இருந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை.

இரு பக்கத் தையல்களையும் பிற்காலத்தில் பிரித்து இடுப்பை அகலப்படுத்தியிருந்தார்கள். அந்த வேலையும் முதல் வேலையின் தரத்திலேயே இருந்தது. உடையை வாங்கியவர் சில ஆண்டுகள் கழித்து அதே பட்டறைக்குக் கொண்டுபோய்த் திருத்தியிருக்கிறார் என்று கருதினேன்.

லேபிள் ஏன் இடம் மாறுகிறது

கூத்யூரில் லேபிள் பழைய பழக்கம். 1858-ல் பாரிஸில் கடை திறந்த சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த், ஓவியர் கையெழுத்திடுவதுபோலத் தம் பெயரை உடைகளின் உள்ளே பதித்தார். நகல்களின் தொல்லை வளர வளர, லேபிளைக் காக்கும் முயற்சிகளும் வளர்ந்தன. பாரிஸ் வடிவமைப்பாளர் மத்லேன் வியோனே தம் லேபிளில் கட்டைவிரல் ரேகையையே பதித்தார். ஒவ்வொரு உடையையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் படமெடுத்து ஆல்பங்களில் பதிவும் செய்தார். அந்த ஆல்பங்கள் இன்று பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு லேபிள் தனியாகப் போதாது, பதிவேடும் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1950களில் நிலைமை இன்னும் சிக்கலானது. பாரிஸ் நிறுவனங்கள் அமெரிக்கப் பெருங்கடைகளுக்கு உடைகளையும் மாதிரித் தையல்களையும் நகலெடுக்கும் உரிமையோடு விற்றன. எனவே ஒரே வடிவத்தில் பாரிஸ் பட்டறையின் உடை, உரிமம் பெற்ற நகல், திருட்டு நகல் மூன்றும் ஒரே காலத்தில் உலவின. இன்று சந்தையில் இவற்றின் விலைகளுக்கு இடையே பெரும் பள்ளம் இருக்கிறது. பூச்சி அரித்து வீணான ஒரு கோட்டின் லேபிளை எடுத்து, நல்ல நிலையில் உள்ள வேறோர் உடையில் தைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். உடையின் ஆதாரங்களில் மிக எளிதாகக் கழற்றக்கூடியது எதுவோ, அதற்கே சந்தை மிகுந்த விலை வைத்திருக்கிறது. இந்த முரண்பாடு எனக்கு உண்மையாகவே வேதனை தருவது. கச்சு கட்டிய கையை யாராலும் இடம் மாற்ற முடியாது. அதைப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உடையைத் தொடாமல் வைப்பது. மடிப்பு நீக்குவது, சுத்தம் செய்வது, தளர்ந்த மணிகளை இறுக்குவது எல்லாவற்றையும் நிறுத்தினோம். பழுப்பின் எல்லைக்கோடு, ஊசித் தடம், நூலின் ஒளிர்வு ஆகிய மூன்று ஆதாரங்களையும் ஈரமான ஒரு துணியே அழித்துவிடக்கூடும்.

இரண்டாவதாக, லேபிளில் கண்ட நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குச் சேகரிப்பாளர் எழுதினார். பருவத்தையும் எண்ணையும் படங்களையும் இணைத்தார். உடை போலி என்றோ அசல் என்றோ கேட்காமல், இந்த எண் எந்த உடைக்கு உரியது என்று மட்டும் கேட்கும்படி சொன்னேன். பழைய நிறுவனங்கள் சான்றிதழ் தரத் தயங்கும். பதிவேட்டுத் தகவலைத் தருவதற்கு அத்தனை தயக்கம் இருக்காது. பதில் தெளிவாக வந்தது. அந்தப் பருவத்தில் அந்த எண் கம்பளிக் கோட்டு ஒன்றுக்கு உரியது. லேபிள் அசலானதுதான், தைத்திருந்த இடம்தான் பொய்.

அடுத்து என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. அறிமுகமான வியாபாரி ஒருவர், “எதுவும் சொல்லாமல் வேறு நாட்டில் ஏலத்துக்கு விடுங்கள், வாங்கிய விலை வரும்” என்றார். சேகரிப்பாளர் அதை ஏற்கவில்லை. உடையைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் வழியும் இருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில், வாங்கிய பொருளின் அடிப்படைத் தன்மை பற்றிய பிழை நிரூபிக்கப்பட்டால் விற்பனையை ரத்து செய்யலாம். கலைப்பொருள், சேகரிப்புப் பொருள் விற்பனையில் பட்டியல் சொற்களுக்கு என்ன பொறுப்பு என்பதை 1981 மார்ச் 3-ஆம் தேதி ஆணை வரையறுக்கிறது. ‘இன்னாரின் பாணியில்’ என்று எழுதியிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை. இங்கே நிறுவனத்தின் பெயர் எந்தத் தடைச்சொல்லும் இல்லாமல் அச்சாகியிருந்தது. வழக்கறிஞர் வாய்ப்பு வலுவாக இருப்பதாகவே சொன்னார்.

ஆனால் சேகரிப்பாளர் உடையை வைத்துக்கொள்ள விரும்பினார். திருப்பிக் கொடுத்தால் அது அதே லேபிளோடு மீண்டும் சந்தைக்குப் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்குள் அந்தக் கச்சு வேலை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. “இவ்வளவு நன்றாகத் தைத்தவர்களின் பெயர் தெரிய வேண்டாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நான் முழுமையாக உடன்பட்டேன்.

மூன்றாவது முடிவு லேபிளைப் பற்றியது. அதை அப்படியே விட்டால், அடுத்து வாங்குபவர் ஏமாறுவார். கழற்றினால், மாற்றம் நடந்ததற்கான சாட்சி போய்விடும். ஒவ்வொரு தையலையும் இரண்டு வகை ஒளியிலும் படமெடுத்து, அளவுகளைக் குறித்து, பிறகு நூலை அறுக்காமல் பிரித்து எடுத்தேன். லேபிளும் நூலும் அமிலமற்ற உறையில், உடையின் பெட்டியிலேயே வைக்கப்பட்டன. வரலாற்றின் எந்த அடுக்கையும் அகற்றக் கூடாது என்று கருதும் பாதுகாப்பு நிபுணர்கள் இதை ஏற்க மாட்டார்கள். உடையை அணிந்தவரின் திருத்தம் என்றால் நானும் அப்படியே சொல்வேன். இடுப்பில் செய்த மாற்றத்தை அதனால்தான் தொடவே இல்லை. விற்பதற்காகச் செய்த ஏமாற்றுக்கு அந்த மரியாதை தேவையில்லை.

தொடர்ந்து நடந்தவை

ஏல நிறுவனம் ஆவணங்களைப் பார்த்ததும் தடுக்க முயலவில்லை. விற்றவர் ஒரு வாரிசு. தாயார் பழைய உடை வியாபாரி ஒருவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியது என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. லேபிளை மாற்றியவர் யார் என்பது அங்கேயே நின்றுபோனது. பேச்சுவார்த்தையில், பெயர் தெரியாத கூத்யூர் உடைக்குரிய விலை எதுவோ அதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியையும் அதற்குரிய கமிஷனையும் திருப்பித் தந்தார்கள்.

உடையைத் தைத்த நிறுவனத்தைத் தேட எம்பிராய்டரிதான் வழி காட்டியது. பாரிஸ் கூத்யூர் நிறுவனங்கள் எம்பிராய்டரியைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. தனிப் பட்டறைகளிடம் கொடுக்கும். அந்தப் பட்டறைகள் பருவந்தோறும் மாதிரிகளைச் செய்து காட்டும். நிறுவனங்கள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும். மாதிரிகள் எண்ணிடப்பட்டு, எந்த நிறுவனம் எடுத்தது என்ற குறிப்போடு சேமிக்கப்படும். பன்னச்செடி இலையின் ஒரு கிளையை அளவுகோலோடு படமெடுத்து, பின்புறத் தையலின் படத்தையும் சேர்த்து இரண்டு பட்டறைகளுக்கு அனுப்பினோம்.

பல மாதங்கள் கழித்து ஒரு பட்டறையிலிருந்து பதில் வந்தது. இலையின் நடு நரம்பில் வெள்ளிச் சரிகையைத் திருப்பிப் போட்டிருக்கும் விதமும், புகை நிறக் கண்ணாடித் துளிகளின் வரிசையும் அவர்களிடமிருந்த மாதிரியோடு அப்படியே பொருந்தின. அதை எடுத்தது 1960களின் தொடக்கத்தில் மூடப்பட்ட, அளவில் சிறிய ஒரு கூத்யூர் நிறுவனம். பருவமும் 1950களின் நடுப்பகுதிதான். அந்த நிறுவனத்தின் வேறோர் உடையிலிருந்த லேபிளின் அளவைப் பிறகு ஒப்பிட்டோம். வெளிறிய செவ்வகத்தில் அது சரியாக உட்கார்ந்தது.

அப்படி மூடிய நிறுவனங்கள் பல. போர் முடிந்த கையோடு நூற்றுக்கும் மேல் இருந்த பாரிஸ் கூத்யூர் நிறுவனங்கள், 1960களின் இறுதிக்குள் இருபதுக்கும் கீழே குறைந்தன. மூடியவற்றில் பலவற்றுக்குக் காப்பகம் இல்லை, பதிவேடுகள் சிதறிவிட்டன. அவற்றின் உடைகளில் லேபிளை மாற்றினால் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. அதனாலேயே அவை எளிதான இரையாகின்றன. அந்தப் பட்டறைகளின் வேலையும் பெரிய பெயர்களின் கணக்கில் கரைந்துபோகிறது.

காப்பீட்டு மதிப்பு குறைத்து எழுதப்பட்டது. அருங்காட்சியகத் துணிப் பிரிவின் ஆய்வாளர் ஒருவர் வந்து உடையைப் பார்த்தார். அந்தச் சிறு நிறுவனத்தின் எம்பிராய்டரி மாலை உடை எதையும் அவர் அதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவர் நெடுநேரம் பார்த்தது இடுப்பு நாடாவைத்தான்.

உடை இப்போது அமிலமற்ற பெட்டியில், கிடைமட்டமாக இருக்கிறது. கனமான எம்பிராய்டரி உள்ளதைத் தொங்கவிட்டால் தையல் தளரும். பட்டுக்கு ஏற்ற, காரம் சேர்க்காத டிஷ்யூ தாளை மடிப்புகளில் சுருட்டி வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் உறையை அன்றே அப்புறப்படுத்தினோம். பார்வைக்கு எடுக்கும்போது ஒளி 50 லக்ஸை (லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு) தாண்டுவதில்லை.

இனி மாற வேண்டியவை

சேகரிப்பாளர் தம் வாங்கும் முறையை மாற்றிக்கொண்டார். உட்புறப் படங்கள் இல்லாமல் ஏலம் கேட்பதில்லை: இடுப்பு நாடா, லேபிளின் நான்கு மூலை, தையலோரம், ஜிப், எம்பிராய்டரியின் பின்புறம். ஒருமுறை அவற்றைத் தர மறுத்ததால், விரும்பிய உடை ஒன்றை விட்டுவிட்டார். நேரில் போக முடியாதபோது, கையில் புற ஊதா விளக்கோடு ஒருவரைப் பார்வை நாளுக்கு அனுப்புகிறார். லேபிளில் எண் இருந்தால் பட்டியல் வெளிவந்த அன்றே காப்பகத்துக்கு எழுதுகிறார். ஏலத்துக்கு முன் பதில் வராமல் போகலாம், ஆனால் கேள்வி கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

ஏல நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது இன்னும் சிறியது. பட்டியலில் ‘லேபிள் உண்டு’ என்று எழுதும்போது, அது முதல் தையலா, பின்னர் தைத்ததா, உறுதி இல்லையா என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஓவியத்தில் கையெழுத்து பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதென்றால் குறிப்பிடுகிறார்கள். உடைக்கும் அதைச் செய்யலாம். இந்த நிகழ்வில் சம்பந்தப்பட்ட ஏல நிறுவனம் அப்படி எழுதத் தொடங்கியிருக்கிறது.

உடை எப்போதாவது கைமாறினால், படங்கள், காப்பகக் கடிதம், எம்பிராய்டரிப் பட்டறையின் பதில், கழற்றிய லேபிள் ஆகியவை உள்ள கோப்பும் சேர்ந்தே கைமாற வேண்டும் என்று சேகரிப்பாளர் தம் தொகுப்பின் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதே பதிவேட்டில் உடையின் தலைப்பாக இப்போது அந்தச் சிறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. போல்டுக்கில் மங்கிய இலக்கங்களை அகச்சிவப்பு ஒளியில் படிக்கும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது.